விஸ்காம் மாணவர்களின் முதல் குறும்படத்துக்கு

எடுத்த எடுப்பிலேயே இயக்குநர் நாற்காலிக்கு அடிபோட வேண்டாம். சீனியர் படத்தில் கிளாப் அடித்து, ஷாட் எண், டேக் எண், எது ஓகே என்று குறித்துப் பழகுங்கள். எடிட்டிங்கில் எது கைகொடுக்கும் என்பது அங்கேதான் பிடிபடும்.

டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள்.

ஒலியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மைக் ஃபிரேமுக்குள் வராமல், நடிகரின் வாய்க்கு முடிந்தவரை பக்கத்தில் இருக்கட்டும். ஃபேனை அணையுங்கள் (வியர்க்கும், பரவாயில்லை). பேக்கப் சொல்லும் முன் எல்லோரையும் வாயைப் பொத்தச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிவு செய்யுங்கள்; வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

சாப்பாடு நேரத்துக்கு வரட்டும். இல்லையென்றால் மறுநாள் யூனிட் வராது.