குறைந்த கதிரில் தெளிவான படம்: சி.டி. ஸ்கேனின் கணக்கு

மாணவர்களே, இரவில் பாகான் டாலாம் கரையில் நின்று, எதிரே தெரியும் ஜார்ஜ்டவுன் விளக்குகளைக் கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். விளக்குகள் பளிச்சென விழும். இருண்ட வானமோ மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருக்கும். கேமராவுக்குப் போதிய ஒளி கிடைக்காததே காரணம். மருத்துவமனையிலுள்ள சி.டி. ஸ்கேன் கருவிக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அங்கே, நோயாளியின் நலன் கருதி நாமே கதிரைக் குறைக்கிறோம்.

ஏன் குறைக்க வேண்டும்?

எக்ஸ் கதிர் நம் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடியது. இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறும் கதிரின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். வழக்கமான மார்பு சி.டி. ஒன்றில் ஏறத்தாழ 7 மில்லிசீவர்ட் சேரும். குறைந்த கதிர் முறையில் சுமார் 1.5தான். நீண்டகாலம் புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய இம்முறை உதவுகிறது. அமெரிக்காவில் 53,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. சாதாரண எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட, குறைந்த கதிர் சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்திருந்தது.

புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன?

எக்ஸ் கதிர் ஃபோட்டான் எனும் துகள்களாக வந்து சேர்கிறது. மழைத்துளிகளைப் போல அவை ஒரே சீராக விழுவதில்லை. சராசரியாக 10,000 ஃபோட்டான்கள் விழும் இடத்தில், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும். அதாவது 1 விழுக்காடு. கதிரை நான்கில் ஒரு பங்காக்கினால் 2,500 ஃபோட்டான்களே வரும். ஏற்ற இறக்கம் 50. அதாவது 2 விழுக்காடு. கதிர் நான்கில் ஒன்றானால், ‘இரைச்சல்’ எனப்படும் இந்தப் புள்ளிக் குறை இரு மடங்காகிறது.

இராமச்சந்திரன் தந்த வழி

சி.டி. கருவி உடலைச் சுற்றிவந்து, பல கோணங்களில் கதிரை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் அது வந்த பாதையிலேயே திரும்பப் பரப்பினால் உருவம் கிடைக்கும். ஆனால் மங்கலாக இருக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜி. என். இராமச்சந்திரனும், ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் இதற்கு எளிய கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். திரும்பப் பரப்புவதற்கு முன்பே, ஒவ்வோர் அளவிலிருந்தும் அதன் அண்டை அளவுகளில் குறிப்பிட்ட பங்கைக் கழித்துவிட்டால் மங்கல் நீங்கும். அவர்கள் பெயரால் இது ‘ராம்-லாக் வடிகட்டி’ எனப்படுகிறது.

ஆனால் இந்த வடிகட்டிக்கு எலும்பின் விளிம்பு எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டையுமே கூர்மையாக்கிவிடும். கதிர் குறையும்போது இது பெரும் தொல்லை.

ஊகித்துத் திருத்தும் முறை

இன்னொரு வழியில், கணினி முதலில் ஒரு படத்தை ஊகிக்கிறது. அந்தப் படம் உண்மையானால் என்ன அளவுகள் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, கருவி அளந்தவற்றோடு ஒப்பிடுகிறது. வேறுபாட்டைக் கொண்டு படத்தைத் திருத்துகிறது. இப்படியே திரும்பத் திரும்பச் செய்கிறது. தடித்த எலும்பைக் கடந்துவரும் கதிரில் ஃபோட்டான்கள் குறைவு என்பதால், அந்த அளவைக் குறைவாகவே நம்புகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய முதல் சி.டி. கருவியும் இப்படித்தான் கணக்கிட்டது. வேகம் போதாமல் கைவிடப்பட்ட அந்த வழி, கணினிகள் வலுப்பெற்றதும் புதுப்பொலிவுடன் திரும்பிவந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்துள்ளது. இரைச்சல் மிகுந்த படங்களையும் தெளிவான படங்களையும் காட்டி அதைப் பழக்குகிறார்கள். இங்கேதான் எச்சரிக்கை தேவை. மிகச்சிறிய கட்டி ஒன்றை இரைச்சல் என்று எண்ணி அது அழித்துவிட்டால் என்ன ஆகும்? அதனால், அளவு தெரிந்த சிறு உருண்டைகளை உள்ளே வைத்த மாதிரி உடல்களை ஸ்கேன் செய்து, அவை படத்தில் தப்பாமல் தெரிகின்றனவா என்று சோதிக்கிறார்கள். படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்: கதிரைப் பதினாறில் ஒரு பங்காக்கினால் இரைச்சல் எத்தனை மடங்காகும்? (விடை: 4 மடங்கு)