பொம்மை வீரர் எவ்வளவு உயரம்?

"டீச்சர், இவன் ஜீப்புக்குள்ள போகவே மாட்டேங்கிறான்!"

ஆறாம் வகுப்பில் விகிதம், விகிதசமம் தொடங்கிய வாரம் அது. திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைப் பொட்டலம் ஒன்றை ஒரு மாணவன் பையில் மறைத்து எடுத்து வந்திருந்தான். பச்சைப் பிளாஸ்டிக்கில் பத்துப் பன்னிரண்டு படைவீரர்கள், கூடவே ஒரு ஜீப். ஜீப்பில் ஒரு வீரரைக்கூட உட்கார வைக்க முடியவில்லை என்பது அவன் புகார். பொட்டலத்தைப் பிடுங்கி மேசைக்குள் வைப்பதுதான் என் வழக்கம். அன்று அப்படிச் செய்யவில்லை.

காரணம், முந்தைய ஆண்டு விடைத்தாள் ஒன்று. நிலவரைபடத்தில் அளந்து, அளவையைப் பயன்படுத்தித் தூரம் காணும் கணக்கு. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே 9 கி.மீ. என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. நன்றாகப் படிக்கும் பிள்ளைதான். 8:12-ஐ 2:3 என்று நொடியில் சுருக்கிவிடுவாள். 9 கி.மீ. என்ற விடை அவளுக்கு உறுத்தவே இல்லை. விகிதம் அவளுக்கு இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இரு புள்ளிகளாகவே இருந்தது. அந்தக் குறை அவளுடையதல்ல, நான் பாடம் நடத்திய முறையுடையது.

எனவே வீரர்களைக் குழுவுக்கு இருவராகப் பிரித்துக் கொடுத்தேன். நிமிர்ந்து நிற்கும் வீரரை மட்டும் அளக்க வேண்டும். ஒரு குழு 52 மி.மீ. என்றது, மற்றொரு குழு 50 என்றது. காலடியில் இருக்கும் தட்டையும் சேர்த்து முதல் குழு அளந்துவிட்டது. அதை அவர்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பது நல்லது. மனிதரின் உயரத்தை 170 செ.மீ., அதாவது 1700 மி.மீ. என்று கொண்டோம். 1700-ஐ 50-ஆல் வகுத்தால் 34. ஆக, வீரரின் அளவை 1:34. ஜீப் 60 மி.மீ. நீளம். உண்மையான ஜீப் ஏறத்தாழ 3.3 மீட்டர். 3300-ஐ 60-ஆல் வகுத்தால் 55. ஒரே பொட்டலத்தில் இரண்டு விகிதங்கள்! ஜீப்பின் கணக்குப்படி அந்த வீரரின் உயரம் என்ன என்று கேட்டேன். 50-ஐ 55-ஆல் பெருக்கி 2750 மி.மீ. என்றார்கள். சற்று அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து, "ஒன்பது அடி டீச்சர்!" என்று குரல் வந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் இவ்வளவும். விடை உண்மைக்குப் பொருந்தவில்லை என்பதை அவர்களே உணர்ந்து சிரித்தார்கள்.

பெட்டியில் இருக்கும் எண்

நம் ஊர்க் கடைப் பொட்டலங்களில் பெரும்பாலும் அளவை அச்சிடப்பட்டிருப்பதில்லை. இத்தகைய சிற்றுருவங்களைச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் புதிதாக ஒன்றை வாங்கும் முன் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். எண் பொருந்தாவிட்டால் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் குழந்தையும் அரக்கனும் நிற்பார்கள்.

இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியது. அவற்றின் 54 மி.மீ. உயரமே பின்னாளில் வழக்கமாகிவிட்டது. 54-ஐ 32-ஆல் பெருக்கினால் 1728 மி.மீ. எனவே 54 மி.மீ. பொம்மை ஏறத்தாழ 1:32. அதே நாட்டின் ஏர்ஃபிக்ஸ் 1959 முதல் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டியில் அடைத்து விற்றது. இன்று இத்தகைய பெட்டிகளில் 1:72 என்று இருக்கும். 170 செ.மீ. மனிதர் அதில் 24 மி.மீ.கூட வரமாட்டார். சில நிறுவனங்கள் விகிதத்தைச் சொல்லாமல் '28 மி.மீ.' என்று மட்டும் போடுகின்றன. அதைச் சிலர் உள்ளங்காலிலிருந்து கண்வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலைவரை. இதனால் ஒரே எண் போட்ட இரண்டு பெட்டிகளின் வீரர்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதும் உண்டு. 'எதிலிருந்து எதுவரை அளந்தாய்?' என்ற கேள்வியை மாணவர்களுக்குப் பழக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

போர்ப் பொம்மையை வகுப்பறைக்குள் கொண்டுவரலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. தயங்குவோர் வேறு உருவங்களை எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் பிரைசர் நிறுவனம் மாதிரி ரயில்களுக்காக 1:87 அளவையில் பயணிகளையும் தொழிலாளர்களையும் செய்கிறது. நமக்கு மாடும் கிரிக்கெட் வீரரும் கடையில் கிடைப்பார்கள். கணக்கு ஒன்றுதான்.

துப்பாக்கி ஏன் தடித்திருக்கிறது?

அடுத்த வகுப்பில் துப்பாக்கிக் குழாயின் பருமனை அளக்கச் சொன்னேன். ஏறத்தாழ 2 மி.மீ. அதை 34-ஆல் பெருக்கினால் 68 மி.மீ. கிட்டத்தட்ட 7 செ.மீ. பருமனுள்ள குழாய்! உண்மையில் அது 2 செ.மீ. அளவுக்குத்தான் இருக்கும். விகிதப்படி செய்திருந்தால் பொம்மையில் 0.6 மி.மீ.தான் வந்திருக்கும். அப்படிச் செய்தால் என்ன ஆகும்? "ஒடிஞ்சிடும்", "வளைஞ்சிடும்", "கையில குத்தும்" என்று மூன்று விடைகள் வந்தன. மூன்றுமே சரி. பொம்மை செய்பவர் தெரிந்தேதான் விகிதத்தை மீறுகிறார். எங்கே மீறினார், ஏன் மீறினார் என்று தேடுவதுதான் பாடத்தின் சுவையான பகுதி.

தேடினால் அறிவியல் பாடத்துக்குள் போய்விடலாம். உருகிய பிளாஸ்டிக்கை இரண்டு பாதிகளாலான உலோக அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தி, குளிர்ந்ததும் அச்சைப் பிரிக்கிறார்கள். வீரரின் தோளிலிருந்து கால்வரை பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இரு பாதிகளும் சேர்ந்த இடம் அது. அச்சின் பாதி நேராக விலகி வர வேண்டும் என்பதால், வழியில் எதுவும் மாட்டிக்கொள்ளக் கூடாது. இதனால்தான் மார்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவே வெற்றிடம் இல்லாமல் பிளாஸ்டிக் நிரம்பியிருக்கிறது. பல வீரர்கள் கையைப் பக்கவாட்டில் விரித்து, சுவரில் ஒட்டியவர்போலத் தட்டையாக நிற்பதும் இதனால்தான். இன்றைய விலை கூடிய உருவங்களில் கையும் தலையும் தனித்தனியாக வரும், நாமே பசை போட்டு ஒட்ட வேண்டும். அவற்றில் இந்தத் தட்டைத்தன்மை குறைவு. வகுப்பில் களிமண்ணை இரு பாதி அச்சாக வைத்து மெழுகு வார்த்துக் காட்டலாம்; மெழுகை உருக்குவது மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. யார் வீட்டிலாவது பழைய உலோக வீரர் இருந்தால், ஈயமாக இருக்கலாம். பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். பிரிட்டன்ஸ் நிறுவனமே 1966-இல் ஈய வார்ப்பை நிறுத்திவிட்டது.

பதிவேட்டில் ஒரு சுழியம்

சேகரிப்பவர்கள் பதிவேடு வைத்திருப்பார்கள்: செய்த நிறுவனம், அளவை, பொருள், எத்தனை விதமான நிலைகள். எங்கள் பொட்டலத்துக்கும் ஒரு பதிவேடு போடச் சொன்னேன். நிற்பவர், மண்டியிட்டவர், படுத்தவர் என்று வகைப்படுத்தினார்கள். ஒரு குழு நம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, 'ஆண்', 'பெண்' என்று இரண்டு கட்டங்களையும் சேர்த்துவிட்டது. பெண் என்ற கட்டத்தில் 0 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள் ஒருத்தி.

அமெரிக்காவில் பிளாஸ்டிக் வீரர்கள் 1938-லேயே விற்பனைக்கு வந்துவிட்டார்கள். பச்சை வீரர்கள் 2014-இல் அந்நாட்டுத் தேசியப் பொம்மைப் புகழரங்கிலும் இடம்பெற்றார்கள். அதற்குப் பிறகு 2019-இல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பெண் வீரர்கள் ஏன் இல்லை என்று கேட்டுப் பொம்மை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினாள். பென்சில்வேனியாவில் உள்ள பிஎம்சி டாய்ஸ் என்ற சிறு நிறுவனம் அதைச் செவிமடுத்தது. சிக்கல் பிளாஸ்டிக்கில் இல்லை, அச்சில். புதிய உருவம் என்றால் புதிய உலோக அச்சு வெட்ட வேண்டும், செலவில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி, 2020-இல் பெண் வீரர்களை வெளியிட்டார்கள்.

இதைச் சொன்னதும், "நம்ம ராணுவத்துல பொண்ணுங்க இருக்காங்களா டீச்சர்?" என்றாள் வட்டம் போட்டவள். மருத்துவப் பிரிவுகளைத் தாண்டிய மற்றப் பிரிவுகளிலும் 1992 முதல் பெண் அதிகாரிகள் சேர்க்கப்படுவதையும், அவர்களுக்கு நிரந்தரப் பணி வழங்க 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சொன்னேன். அந்த வாரத் தமிழ்ப் பாடவேளையில் கடிதம் எழுதும் பயிற்சி இருந்தது. தமிழாசிரியரிடம் கேட்டு, பொம்மை நிறுவனத்துக்குக் கடிதம் என்று தலைப்பை மாற்றிக்கொண்டோம். பாதிப் பேர் பெண் வீரர் கேட்டார்கள். மூன்று பேர் வீரரே வேண்டாம், தீயணைப்பு வண்டி கொடுங்கள் என்று எழுதினார்கள். பொட்டலம் கொண்டுவந்தவன் மட்டும், ஜீப்பின் நீளத்தை 97 மி.மீ. ஆக்குமாறு கணக்குடன் எழுதியிருந்தான்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு அவன் ஸ்கேல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பொட்டலத்தைப் பிரிக்காமலே வெளியிலிருந்து அளந்தானாம். கடைக்காரர் விரட்டிவிட்டாராம்.