சங்ககாலத் தோட்டம்: ஓர் அட்டை விளையாட்டு

"தாழை எங்கே பூக்கும்?" என்று கேட்டால், "நெய்தல் திணையில்" என்று பதில் வருகிறது. தேர்வுக்கு அது போதும். தாழம்பூவைப் பார்த்தவர் வகுப்பில் இருவரோ மூவரோதான்.

பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி 15 அட்டைகள் செய்துகொள்ளலாம். பெயரோடு படமும் வேண்டும்; வாசிக்கத் திணறும் மாணவரும் சேர்ந்து ஆட முடியும்.

குறிஞ்சி: குறிஞ்சி, காந்தள், வேங்கை
முல்லை: முல்லை, பிடவம், குல்லை
மருதம்: தாமரை, செங்கழுநீர், மருதம்
நெய்தல்: நெய்தல், தாழை, அடம்பு
பாலை: குரவம், மரா, பாதிரி

மூவர் ஒரு குழு. ஆளுக்கு 5 அட்டை. ஒன்றை எடுத்துத் தன் தோட்டத்தில் வைத்து, மீதியை இடப்பக்கத்தவரிடம் கொடுக்க வேண்டும். அட்டைகள் தீரும்வரை இப்படியே. (2010இல் வெளிவந்த 'செவன் ஒண்டர்ஸ்' ஆட்டத்திலும் இதே முறைதான்.) ஒரு திணையின் மூன்று பூவும் சேர்ந்தால் 6 புள்ளி, இரண்டுக்கு 3, ஒன்றுக்கு 1. தனக்கு வேண்டியதை எடுப்பதா, அடுத்தவருக்குப் போகக்கூடாததை எடுப்பதா என்று யோசிக்கும்போதே திணைகள் மனத்தில் பதிந்துவிடும்.

முக்கியமான விதி கடைசியில்தான். பூவை நேரில் பார்த்த இடத்தைச் சொன்னால் கூடுதலாக 2 புள்ளி. தாமரைக்குக் குளம், அடம்புக்குத் திருச்செந்தூர்க் கடற்கரை என்று சொல்லிவிடுவார்கள். குரவத்துக்கு வகுப்பே அமைதியாகும். உடனே கைபேசியில் படம் காட்ட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும்.

அடுத்த பாடவேளையில் பொதிகை முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணியைத் தரையில் வரைந்து, அட்டைகளை அதன்மேல் வைக்கச் சொல்லுங்கள். தச்சநல்லூர் வயல்களில் மருதம் தானாக வந்து அமரும். பாலை அட்டைகளை எங்கே வைப்பது என்று வாக்குவாதம் எழும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதை அப்போது எடுத்துச் சொல்லலாம்.