பவளமல்லி: எங்கள் வீட்டுக் கூதிர்காலப் பூ



ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தோம் அல்லவா? அந்த மாதங்களில் எங்கள் கொல்லையில் பூத்துக் கொட்டும் பவளமல்லியைப் பற்றி எழுதுகிறேன்.

பெயர்க் காரணம்: காம்பு பவள நிறம், இதழ் மல்லி போல வெள்ளை. அதனால் பவளமல்லி. இதன் அறிவியல் பெயர் நிக்டாந்தஸ் ஆர்போர்-டிரிஸ்டிஸ். 1753-இல் லின்னேயஸ் வைத்தது. முதல் சொல்லுக்கு இரவுப் பூ என்றும், அடுத்ததற்குச் சோக மரம் என்றும் பொருள். பகலில் பூ எல்லாம் உதிர்ந்து வெறுமையாக நிற்பதால் இந்தப் பெயர். மேற்கு வங்கத்தின் மாநிலப் பூவும் இதுதான். அங்கே சியூலி என்பார்கள்.

அமைப்பு: மல்லிகைக் குடும்பமான ஓலியேசியைச் சேர்ந்தது. மகரந்தத் தாள் 2 மட்டுமே. நான் எண்ணிய பூக்களில் சிலவற்றில் 6 இதழ், சிலவற்றில் 7. இதழ்கள் அடியில் ஒட்டிக் குழல் போல இருக்கும். நாம் காம்பு என்று சொல்வது அந்தக் குழலைத்தான். அதனால்தான் இதழ் இதழாக உதிராமல் முழுப் பூவாக விழுகிறது. இலை சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

ஏன் இரவில் பூக்கிறது? ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். இருட்டத் தொடங்கியதும் மொட்டு விரிந்தது. இரவில் பூப்பவை பெரும்பாலும் வெள்ளையாகவும் வாசனையாகவும் இருக்கும். இருட்டில் அந்துப்பூச்சிக்கு வழி தெரிய வேண்டுமே!

விடிவதற்குள் உதிர்ந்துவிடும். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது என்பார்கள். பவளமல்லிக்கு அந்தத் தடை இல்லை. எங்க அப்பாயி ராத்திரியே அடியில் பழைய வேட்டியை விரித்து வைத்துவிடும்.

செய்து பாருங்கள்: பவளக் காம்புகளைக் கிள்ளி நிழலில் காய வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்க விடுங்கள். வெள்ளைத் துணியை முக்கினால் மஞ்சளாகும். துவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். முற்காலத்தில் பட்டுக்கு இந்தச் சாயம் ஏற்றினார்கள். குங்குமப்பூவுக்கு நிறம் தருவதும் இதே வகைப் பொருள்தான்.

இதையெல்லாம் இந்த வருடம் நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. தை மாதம் எங்கள் வீட்டில் கழிப்பறை கட்டப் போகிறோம். கொல்லையில் குழி தோண்ட இருக்கிற ஒரே இடம் பவளமல்லி நிற்கிற இடம். விடியும் முன்னே டார்ச் எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஏரிக்கரைக்குப் போகும்போது அந்த வாசம்தான் முதலில் வரும். இனிமேல் அப்படிப் போக வேண்டாம். ஆனால் செடியும் இருக்காது. எனக்குச் சந்தோஷமா, வருத்தமா என்றே தெரியவில்லை. அதை நட்டதே அப்பாயிதான். கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைக்கு வசதி வேணும் சாமி. செடி போனா வேற வச்சுக்கலாம்" என்றது. மறுநாளும் வழக்கம் போல வேட்டியை விரித்தது.

அதனால் விதை சேர்க்கிறேன். காய் நாலணாக் காசு போலத் தட்டையாக இருக்கும். காய்ந்து பழுப்பானதும் இரண்டாகப் பிரியும். பக்கத்துக்கு ஒரு விதை. குச்சி வெட்டி நட்டாலும் வரும். வேண்டுபவர்கள் தைக்கு முன் என்னிடம் கேளுங்கள்.

பள்ளித் தோட்டத்தில் ஒன்று நடலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். நாம் பத்தாவது முடிப்பதற்குள் பூக்குமா, தெரியாது. இப்போது ஆறாவது படிக்கிற தங்கச்சிகள் பொறுக்கட்டும்!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி