காலையில் கட்டிய 25 பவுண்ஸ்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கரவனைக் கொழுவிக்கொண்டு லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்துக்கு வெளிக்கிட்டால் ஒரே ஓட்டமாகப் போய்ச் சேர முடியாது. கரவன் இழுக்கிற காருக்கு மோட்டர்வேயில் மணிக்கு 60 மைல்தான் உச்சம். மூன்று தடம் உள்ள இடத்தில் வலப்பக்கக் கடைசித் தடத்தில் ஏறவும் கூடாது. உங்களுக்கும் பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். நடுவழியில் எங்காவது படுத்துத்தான் ஆகவேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்கள் படுத்தது எம்6 பாதையில் ஒரு சேவை நிலையத்தில். அந்த ஓர் இரவு எனக்கு ஏறக்குறைய 290 பவுண்ஸ் முடிந்தது.

இங்கிலாந்தின் மோட்டர்வே சேவை நிலையங்களில் முதல் 2 மணி நேரம் இலவசம். அதற்கு மேல் நின்றால் கட்டணம். காருக்கு ஒன்று, கரவனுக்கு வேறொன்று. இது எனக்குத் தெரியும். பலகையையும் பார்த்தேன். "இப்பவே போய்க் கட்டிப்போட்டு வந்து படுங்கோவன்" என்று மனைவி சொன்னாள். சின்னவன் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான், கதவைத் திறந்தால் எழும்பிவிடுவான் என்று காலையில் கட்டுவோம் என்றேன். விடிய ஐந்தரைக்குக் கடைக்குள் போய், கார் இலக்கத்தைச் சொல்லி, 25 பவுண்ஸ் கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிக் காரின் முன்தட்டுக்குள் வைத்தேன். கட்டாமல் ஓடிய ஆள் நான் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பத்து நாளில் தரிப்பிடக் கொம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. அதில் கறுப்பு வெள்ளையில் இரண்டு சின்னப் படம். 22:47க்கு காரின் முகம் உள்ளே வருகிறது. 05:52க்கு கரவனின் முதுகு வெளியே போகிறது. கார் இலக்கம்தான் கரவனின் பின்னாலும் இருக்கவேண்டும் என்பதால் கமராவுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. பின் யன்னலில் என் மகள் கட்டிய மஞ்சள் திரைச்சீலைகூடத் தெரிந்தது. 7 மணி 5 நிமிடம் நின்றதற்கு 100 பவுண்ஸ். 14 நாளுக்குள் கட்டினால் 60. முதல் 2 மணி நேரத்துக்குள் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

அன்றைக்கே பற்றுச்சீட்டைப் படம் எடுத்து மேன்முறையீடு அனுப்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அன்று பின்னேரம் மனைவியின் தம்பி வந்திருந்தான். கடிதத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தான். "அத்தான், உது பிரைவேட் கொம்பனி, கவுன்சில் இல்லை. குப்பைக்குள்ள போடுங்கோ. ஒருநாளும் கோர்ட்டுக்குப் போகமாட்டாங்கள்."

எங்கள் ஆட்களிடம் இந்தக் கதை இன்னும் உலாவுகிறது. ஆகவே விவரமாகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது: வண்டியை ஓட்டியவர் யார் என்று தெரியாமல் தனியார் கொம்பனியால் ஒன்றும் செய்ய முடியாது. 2012 ஒக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் மாறியது. தனியார் நிலத்தில் சில்லுக்குப் பூட்டுப் போடுவதைத் தடைசெய்த அதே சட்டம், ஓட்டியவர் பெயர் தெரியாவிட்டால் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமே காசு கேட்கலாம் என்றும் ஆக்கிவிட்டது. கமராவில் பிடித்தால் கடிதம் 14 நாளுக்குள் கைக்கு வந்துசேர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனக்கு வந்துசேர்ந்தது. பிறகு 2015இல் பீவிஸ் வழக்கு. செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேர இலவசத் தரிப்பிடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற ஒருவர் 85 பவுண்ஸ் கட்டத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. மச்சானின் அறிவுரை 2012க்கு முந்தியது. அவன் அதைச் சொன்னது 2023இல்.

நினைவூட்டல்கள் வந்தன, லாச்சிக்குள் போட்டேன். கடன் வசூலிக்கிற இடத்திலிருந்து கடிதம், தொகை 170. அதுவும் லாச்சிக்குள். அடுத்த வருடம் மே மாதம் நோர்தாம்ப்டனிலிருந்து கோர்ட் படிவம் வந்தது. "உதுவும் வெருட்டுத்தான்" என்றான் மச்சான். இல்லை, அது உண்மையான வழக்கு. 14 நாளுக்குள் பதில் போடவேண்டும். படிவம் கிடைத்தது என்று அறிவித்தால் எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். நான் ஒன்றும் செய்யாததால் கேளாமலே தீர்ப்பு. கோர்ட் கட்டணம் 35, வழக்கறிஞர் செலவு 50, அதற்கு வட்டி. ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டினால் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பார்கள். விட்டால் 6 வருடம் இருக்கும், வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். ஓடிப்போய்க் கட்டினேன். அன்றைக்குத்தான் காரின் முன்தட்டைத் திறந்து பற்றுச்சீட்டை எடுத்தேன். வெயிலில் கிடந்து மை போய்விட்டது. வெறும் வெள்ளைத் துண்டு, ஓரத்தில் மட்டும் '25' என்பதன் வால் மங்கலாகத் தெரிந்தது.

எனவே, வண்டியை நிறுத்தின கையோடு கட்டுங்கள். கரவனுக்கான கட்டணத்தைக் கட்டுங்கள், இலக்கத்தை இரண்டு தரம் பாருங்கள், சீட்டை அங்கேயே போனில் படம் எடுங்கள். கடிதம் வந்தால் கொம்பனிக்கு மேன்முறையீடு. மறுத்தால் அவர்கள் தரிப்பிடக் கொம்பனிகளின் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்களோ அதற்குரிய சுயாதீன அமைப்புக்கு. அந்த அமைப்பு பொப்லா என்றால் உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை.

இப்போது நாங்கள் சேவை நிலையத்தில் தேத்தண்ணி குடிக்க மட்டும்தான் நிற்பது. கரவன் கிளப்பில் சேர்ந்தால் உறுப்பினருக்கு மட்டுமென்று சின்னப் பண்ணை இடங்கள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் 5 கரவனுக்கு மேல் விடமாட்டார்கள். பின்னேரமே போன் எடுத்து, எத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவைக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் எங்கேயும் படுக்கலாம் என்றும் ஒரு கதை இருக்கிறது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த அந்த உரிமை நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு. கார், கரவனுக்கு இல்லை. அதையும் எனக்குச் சொன்னது மச்சான்தான். இந்தமுறை நானே வாசித்துப் பார்த்துவிட்டு, ஏரிக்கரையில் காசு கட்டும் முகாமிடத்தில் மூன்று இரவுக்கு முன்பதிவு செய்திருக்கிறேன்.