பல்பு நல்லாத்தான் இருக்கு, ஹோல்டரைப் பாருங்க!
(அறிவியல் பகுதி)



வண்டியில் லைட் எரியவில்லை என்றால் நாம் முதலில் என்ன சொல்வோம்? "பல்பு போயிருச்சு" என்போம். ஆனால் பழைய வண்டிகளில் பாதி நேரம் பல்பு மேல் குற்றமே இருக்காது. பல்பு உட்கார்ந்திருக்கும் ஹோல்டர் துருப்பிடித்திருக்கும். இதை நான் லீவில் எங்கள் மாமாவின் பட்டறையில் கற்றுக்கொண்டேன். அவர் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவர்.

அங்கே வந்தது 1977-ம் வருட அம்பாசிடர் கார். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் செய்த கார். 2014-ல் அந்தக் கார் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் ராத்திரி பிரசவ வலி வந்தால் இன்றும் அந்தக் காரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அதன் பின் விளக்கு சும்மா அழகுக்கு இல்லை.

வினோதமான நோய்

அந்தக் காரில் டெயில் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பல்புதான். உள்ளே இரண்டு இழைகள். ஒன்று 5 வாட், ஒன்று 21 வாட். ராத்திரி டெயில் லைட் நன்றாக எரியும். பிரேக்கை மிதித்தால் ஒரு பக்க விளக்கு பளிச்சென்று ஆவதற்குப் பதில் அணைந்தே போகும்! மூன்று புது பல்பு மாற்றியும் சரியாகவில்லை. பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

காரணம் என்ன?

பேட்டரியில் இருந்து பல்புக்கு மின்சாரம் வயர் வழியாகப் போகிறது. திரும்பி வருவதோ ஹோல்டரின் இரும்புக் கூடு, காரின் பாடி வழியாக. இதைத்தான் "எர்த்து" என்கிறார்கள். கூடு துருப்பிடித்தால் திரும்பும் வழி அடைந்துவிடும்.

அப்போது டெயில் இழைக்கு வந்த மின்சாரம் பிரேக் இழை வழியாகச் சுற்றி, மறுபக்க பிரேக் லைட் வழியாகத் திரும்புகிறது. அதனால் டெயில் லைட் எரிகிறது. பிரேக்கை மிதித்ததும் இரண்டு வயரிலும் 12 வோல்ட். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மின்சாரம் ஓடாது. விளக்கு அணைந்துவிடும். பகலில் மிதித்தால் டெயில் இழை மட்டும் மங்கலாக எரியும்.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. இரும்பு ஹோல்டரில் பித்தளை மூடி உள்ள பல்பு உட்கார்ந்து, மழைத்தண்ணீரும் இறங்கினால் இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும். துரு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது.

சின்னக் கணக்கு

21 வாட் பல்பு, 12 வோல்ட்.
மின்னோட்டம் = 21 ÷ 12 = 1.75 ஆம்பியர்.
மின்தடை = 12 ÷ 1.75 = சுமார் 6.9 ஓம்.
துரு வெறும் 2 ஓம் சேர்த்தால் மொத்தம் 8.9 ஓம்.
மின்னோட்டம் = 12 ÷ 8.9 = சுமார் 1.35 ஆம்பியர்.
பல்புக்குக் கிடைப்பது 1.35 × 1.35 × 6.9 = சுமார் 12.6 வாட்தான்!

(இழையின் சூடு மாறினால் மின்தடையும் மாறும். அதனால் இது ஏறத்தாழக் கணக்கு.)

கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு துண்டு வயரின் ஒரு முனையை ஹோல்டர் கூட்டில் வையுங்கள். மறு முனையைப் பெயின்ட் இல்லாத சுத்தமான பாடி இரும்பில் வையுங்கள். லைட் பளிச்சென்று எரிந்தால் எர்த்துதான் கோளாறு. "காசு கொடுத்து பல்பு வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாரு பாப்பா" என்றார் மாமா.

மாற்றும் முறை (பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும்)

1. பேட்டரியின் எர்த்து வயரை முதலில் கழற்ற வேண்டும். மற்றதை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

2. பல்பை அமுக்கித் திருப்பி எடுக்க வேண்டும். இறுகியிருந்தால் துணி சுற்றிப் பிடிக்கணும். கண்ணாடி உடைஞ்சா கையைக் கிழிச்சிடும்.

3. லேசான துரு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். கூடு பொத்தலாகி, ஸ்பிரிங்கும் செத்திருந்தால் ஹோல்டரையே மாற்றணும். பழைய வண்டிச் சாமான்கள் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும்.

4. எந்த நிற வயர் எங்கே இருந்தது என்று தாளில் படம் போட்டுக்கொண்டு பிறகு வெட்டவும். (படம் போட்டது நான்தான்!) உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, பிறகு ஈயம் வைத்துப் பற்ற வேண்டும்.

5. ஹோல்டர் உட்காரும் இடத்தில் துருவையும் பெயின்ட்டையும் சுரண்ட வேண்டும். கூட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த்து வயர் போட்டு நட்டு முடுக்கினால் இன்னும் நல்லது. மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் ஈரம் அண்டாது.

6. ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் அதையும் மாற்றணும். இல்லாவிட்டால் அடுத்த மழையில் மறுபடியும் துருதான்.

7. இரட்டை இழை பல்பின் இரண்டு ஆணிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. இழைகள் இடம் மாறாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே போகலைன்னா திருப்பிப் போடுங்க, பலமா அமுக்காதீங்க.

8. கடைசியில் டெயில் லைட்டைப் போட்டுவிட்டு, அதோடு பிரேக்கையும் மிதித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் பின்னால் நின்று பார்த்துச் சொல்லணும்.

அந்தக் காருக்கு ஆன செலவு ஒரு ஹோல்டர், ஒரு வாஷர், ஒரு முழ வயர். வீணாக வாங்கிய மூன்று பல்புகளும் டிக்கியில் பத்திரமாக இருக்கின்றன. மூன்றும் நல்ல பல்புகள்!

உங்களுக்கு ஒரு கேள்வி: டைனமோ உள்ள பழைய சைக்கிளில் விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகும். அப்படியானால் மின்சாரம் திரும்பி வருவது எந்த வழியாக? விடையைத் தாளில் எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை எழுதியவர் பெயர் அடுத்த இதழில் வரும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி