வாத்தியார் வீட்டுப் பூனை

கேள்வி: பூனையே கதை சொல்லும் நகைச்சுவை நூல் ஏதாவது உண்டா?

பதில்: ஜப்பானிய எழுத்தாளர் நட்சுமே சோசெகி 1905-இல் எழுதத் தொடங்கிய ‘நான் ஒரு பூனை’யைப் படியுங்கள். பெயர்கூட வைக்கப்படாத அந்தப் பூனை, சோறு போடும் வாத்தியாரையே விட்டுவைக்காது. அவர் அறைக்குள் விழுந்து விழுந்து படிப்பதாக வீடே நம்பும். பூனை எட்டிப் பார்த்தால் புத்தகத்தின் மேல் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருப்பார்! புத்தாண்டுக்குச் செய்த மோச்சி என்ற அரிசிப் பலகாரத்தை ஒருநாள் திருட்டுத்தனமாகக் கடித்துவிடுகிறது. அது பசைபோலப் பல்லில் ஒட்டிக்கொள்ள, பின்னங்காலில் நின்று ஒரே கூத்து. வீட்டாருக்கோ சிரிப்பு தாங்கவில்லை. முடிவு கொஞ்சம் கனமானது, இப்போதே சொல்லிவிட்டேன். குழந்தைகளுக்கென்றால், பக்கத்து வீட்டு முயலின் சடலத்தை இழுத்து வந்து வீட்டை அலறவைக்கும் பூனையின் கதையான ஆன் ஃபைனின் ‘கொலைகாரப் பூனை டைரி’.